படுத்திருப்பவருக்கும் செலவு உண்டு

(மூத்த உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னை அழைத்தபோது, "எடையைக் குறைப்பது எப்படி என்று பேசுங்கள் டாக்டர், எல்லாருக்கும் அதில்தான் ஆர்வம்" என்றார். நான் ஏறக்குறைய அதற்கு நேர்மாறான விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். அவர் மன்னிக்க வேண்டும்.

1996-ஆம் வருஷம், கார்த்திகை மாதம். நான் அப்போது நாகபுரியில் டாக்டராக இருந்தேன். அம்மா கும்பகோணத்தில் அண்ணா, மன்னியோடு இருந்தாள். அவளுக்கு 74 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நான் போய் ஒரு வாரம் கூட இருந்துவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு விசாரிப்பு எல்லாம் டெலிபோனில்தான். ஒருநாள் மன்னி கேட்டாள்: "அம்மா சரியாவே சாப்பிடறதில்லை. ரெண்டு வாய் ரசஞ்சாதம், ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். கொஞ்சம் வற்புறுத்தட்டுமா?"

நான் சொன்ன பதில் இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "படுத்துண்டே இருக்கறவாளுக்கு என்ன மன்னி செலவு? லேசா குடுத்தாப் போறும்."

அம்மா நாளுக்கு நாள் மெலிந்தாள். முதுகில் படுக்கைப் புண் வந்தது, ஆறவில்லை. இரும வலுவில்லாமல் சளி கட்டிக்கொண்டது. தை பிறந்து சில நாட்களில் போய்விட்டாள். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு எத்தனையோ விதத்தில் ஆபத்தானது. சாப்பாடு ஒன்றே காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் சொன்ன பதில் தப்பு. அது தப்பு என்பது 1930-லேயே அச்சில் வந்துவிட்ட விஷயம். படித்தும் இருக்கிறேன். டெலிபோனில் பேசியபோது டாக்டராகப் பேசவில்லை, வழக்கமாக நம் அகங்களில் சொல்வதைச் சொன்னேன்.

அந்தச் செலவு என்ன என்று முதலில் பார்க்கலாம்.

நாம் விழித்துக்கொண்டு, முதல்நாள் இரவு சாப்பிட்டதெல்லாம் ஜீரணமாகி, அசையாமல், குளிரோ புழுக்கமோ இல்லாமல் படுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உடம்பு எரிபொருளைச் செலவு செய்துகொண்டே இருக்கிறது. இதைத்தான் ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வீதம் என்கிறார்கள். வாயில் நுழையாத பெயர். ஓய்வுச் செலவு என்று வைத்துக்கொள்வோம். நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த 1960-களில் இதை அளக்க ஒரு கருவி இருந்தது. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் ரப்பர் குழாயை வைத்து, ஆக்ஸிஜன் நிரம்பிய தொட்டியிலிருந்து மூச்சை இழுக்க வேண்டும். சுழலும் உருளையில் பேனா கோடு போடும். எங்கள் வகுப்பில் ஒல்லியாக இருந்ததால் எப்போதும் என்னைத்தான் படுக்க வைப்பார்கள்.

கணக்கு எளிது. 55 கிலோ எடையுள்ள ஓர் ஆள் சும்மா படுத்திருக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் ஆக்ஸிஜன் செலவாகும். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனுக்கு ஏறக்குறைய 4.8 கிலோ கலோரி. ஒரு நாளைக்குப் பெருக்கிப் பார்த்தால் 1,380-க்குப் பக்கத்தில் வரும். நம்மைப் போல் உட்கார்ந்த இடத்தில் காலம் கழிப்பவர்களின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதம் இந்த ஓய்வுச் செலவுதான். நடைப்பயிற்சி, மாடிப்படி, கோயில் பிரதட்சிணம் எல்லாம் சேர்ந்தாலும் மிச்சப் பங்குதான்.

யார் செலவழிக்கிறார்கள்? கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகிய நாலும் சேர்ந்து உடல் எடையில் ஐந்தாறு சதம்தான். ஓய்வுச் செலவில் பாதிக்கு மேல் அவற்றுக்குப் போகிறது. மூளைக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் படுத்துவிட்டால் செலவு நின்றுவிடும் என்பது சரியில்லை. கைகால்தான் ஓய்வெடுக்கிறது.

இப்போது வியாதிக்கு வருவோம். எல்லா வியாதியும் ஒரே மாதிரி அல்ல. ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும், சிலவற்றில் மாற்றமே இருக்காது.

நமக்கெல்லாம் தெரிந்தது ஜுரம். டைபாய்டு நோயாளிகளை அறைபோன்ற பெரிய கருவிக்குள் படுக்க வைத்து அளந்தவர் அமெரிக்காவில் யூஜீன் டுபாய்ஸ். முதல் உலக யுத்த காலத்து வேலை அது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஓய்வுச் செலவு சுமார் 13 சதம் ஏறுகிறது என்று அவர் கண்டார். நம் பழைய பாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரிக்கு ஏழு சதம். குளிர் நடுக்கம் வந்தால் அது தனி. தசைகளெல்லாம் உதறி உதறி வேலை செய்கின்றன, செலவு பல மடங்கு எகிறும்.

நம் அகத்துக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 45 கிலோ எடையுள்ள 75 வயது மாமி. ஓய்வுச் செலவு ஆயிரம் கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிகிரி செல்சியஸ் ஜுரம், ஆகவே 1,260. மாமிக்கு நாம் கொடுப்பது என்ன? கஞ்சி. ஒரு டம்ளர் தெளிவான கஞ்சியில் 25 கிராம் அரிசி இருந்தால் அதிகம். அதில் 90 கலோரி. நாலு வேளைக்கு 360. மோரும் பார்லித் தண்ணீரும் சேர்த்தாலும் 450-ஐத் தாண்டாது. தினம் 800 கலோரி துண்டு விழுகிறது. அது எங்கிருந்து வரும்? உடம்பிலிருந்துதான் வரும்.

கொழுப்பிலிருந்து வந்தால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். எங்கள் காரியதரிசி கண்டிப்பாக நினைப்பார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஆரோக்கியமாக இருப்பவர் பட்டினி கிடந்தால் உடம்பு புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. செலவைச் சுருக்குகிறது, கொழுப்பை எடுத்து எரிக்கிறது, தசையைக் கூடியவரை பாதுகாக்கிறது. 1944-45-இல் அமெரிக்காவில் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடை கால்வாசி குறைந்தது. ஓய்வுச் செலவோ சுமார் 40 சதம் குறைந்தது. அதாவது உடம்பு சுருங்கியதைக் காட்டிலும் அதிகமாகச் செலவு சுருங்கிற்று. ஆகவே ஏகாதசி உபவாசம் இருக்கும் மாமா மாமிகள் யாரும் என்னைக் கோபிக்க வேண்டாம். உடம்பு சரியாக இருப்பவர் ஒருநாள் உபவாசம் இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. (சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இருங்கள்.)

வியாதிப் பட்டினி வேறு. கிருமி தாக்கும்போது, எலும்பு முறியும்போது, பெரிய ஆபரேஷன் நடக்கும்போது, இந்தச் சிக்கனம் வேலை செய்வதில்லை. கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களும் வீக்கத்தை உண்டாக்கும் ரசாயனங்களும் உடம்பை எச்சரிக்கை நிலையில் வைக்கின்றன. சாப்பாடு குறைந்தாலும் செலவு குறையாது. தசை கரைந்து சர்க்கரையாகவும், எதிர்ப்புப் புரதங்களாகவும் மாறுகிறது. அந்தத் தசையில் கை கால் மட்டுமல்ல, மூச்சு விடும் தசையும் இருமும் தசையும் சேர்த்தி.

"லங்கணம் பரம ஔஷதம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்றுப் பொருமலுக்கும் அஜீரணத்துக்கும் அது சரி. ஆயுர்வேதத்தில்கூட லங்கணத்துக்குப் பின் மண்டம், பேயா, விலேபி என்று படிப்படியாக ஆகாரத்தைக் கெட்டியாக்கிக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறது. நாம் முதல் படியிலேயே மூன்று வாரம் நின்றுவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் ஜுரக்காரரைப் பட்டினி போட்டார்கள், போதாததற்கு ரத்தத்தையும் எடுத்தார்கள். டப்ளின் நகரத்தில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற டாக்டர் (1796-1853) இதை எதிர்த்து, ஜுரத்தில் படுத்தவர்களுக்கு ஆகாரம் கொடுத்துக் காப்பாற்றினார். ஜுரக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டவன் என்று தன் கல்லறையில் எழுதினால் போதும் என்று அவர் சொன்னதாக வைத்திய உலகில் வழங்குகிறது. அவர் பெயர் நிலைத்ததோ வேறொரு வியாதியில், தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில். 1835-இல் அதை அவர் விவரித்தார். அந்த நோயிலும் ஓய்வுச் செலவுதான் எகிறுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஜெர்மனியில் மாக்னஸ் லெவி 1895-இல் அளந்து காட்டிய பிறகுதான் அது தெரிந்தது.

தைராய்டு பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அது மிகையானால் ஓய்வுச் செலவு ஒன்றரை மடங்குக்கும் மேலே போகலாம். மிகவும் குறைந்தால் செலவு 30, 40 சதம் இறங்கும். குளிர் தாங்காது, மலச்சிக்கல், சோம்பல். ஆனால் தைராய்டு குறைவினால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதி உப்பும் தண்ணீரும். இருபது கிலோ கூடிவிட்டு "எல்லாம் தைராய்டு" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

எனக்குக் கவலை தருவது மறுபக்கம். வயதானவர்களுக்குத் தைராய்டு மிகையானால், முழி பிதுங்குவது, பரபரப்பு, கைநடுக்கம் எதுவும் இல்லாமல் போகலாம். ஆள் வெறுமனே மெலிவார், சோர்வார், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கல்யாண வீட்டில் ஒரு மாமியைப் பார்த்து எல்லாரும், "என்ன மாமி, ஒடிசலா அழகா ஆயிட்டேளே, வாக்கிங்கா?" என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மாமிக்கும் சந்தோஷம். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடி ஒழுங்கில்லாமல் ஓடிற்று. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், அதாவது 50 கிலோ ஆள் இரண்டரை கிலோ இழந்தால், அதைப் பாராட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இன்னொன்று, மெலிவதற்காகத் தைராய்டு மாத்திரையைத் தாங்களாகக் கூட்டிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

புற்றுநோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரையீரல், கணையம் போன்ற இடங்களில் வந்தால் பலருக்குச் செலவு ஏறுகிறது. குடலில் வந்தால் பெரும்பாலும் மாறுவதில்லை. பார்க்கின்ஸன் நோயில் நடுக்கமும் தசை இறுக்கமும் நாள் முழுக்கச் செலவு வைக்கின்றன. அவர்கள் மெலிவதை வயசு என்று விட்டுவிடுகிறோம். வெகுகாலம் புகைபிடித்தோ அடுப்புப் புகையிலோ நுரையீரல் கெட்டவர்களுக்கு மூச்சு விடுவதே உழைப்பு. ஆரோக்கியமானவருக்கு அந்த வேலைக்கு மொத்தச் செலவில் ஐந்து சதம்கூட ஆகாது; இவர்களுக்குப் பல மடங்கு. போதாக்குறைக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும் என்று சாப்பாட்டையும் குறைத்துக்கொள்வார்கள். இவர்களுக்குச் சின்னச் சின்னதாக ஆறு வேளை கொடுக்க வேண்டும்.

காசநோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் க்ஷயம், அதாவது தேய்வு. இது ஏழை வியாதி என்று ஒதுக்க முடியாது, நம் மனிதர்களுக்கும் வருகிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள்; ஒரு பகுதிக் குடும்பங்களுக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். நல்ல ஆகாரம் கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதம் எடை ஏறிய நோயாளிகளில் மரணமும் வெகுவாகக் குறைவாக இருந்தது.

தீக்காயம்தான் எல்லாவற்றையும் மிஞ்சியது. உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோனவருக்கு ஓய்வுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். காயம் மூடிய பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அது முழுதாக இறங்குவதில்லை. தோல் இல்லாத உடம்பிலிருந்து சூடும் நீரும் வெளியேறிக்கொண்டே இருப்பதால், அறையைக் கதகதப்பாக வைத்தாலே செலவு கொஞ்சம் தணிகிறது.

இனி எலும்பு முறிவு. கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து அளந்தார். நான் முதலில் சொன்ன 1930-ஆம் வருஷக் கட்டுரை அதுதான். ஒரு சின்ன எலும்புதானே முறிந்தது? ஆனால் உடம்பு முழுவதிலுமுள்ள தசையிலிருந்து புரதம் கரைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. முதல் ஓரிரு நாள் உடம்பு அடங்கிக் கிடக்கிறது, பிறகு வெள்ளம்போல் செலவு பொங்குகிறது என்று 1942-இல் இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். எலும்பு முறிவில் ஓய்வுச் செலவு 10 முதல் 30 சதம் ஏறும். அதன்மேல் படுக்கையும் சேர்கிறது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-இல் வந்தது. வேண்டிய அளவு சாப்பிட்டும், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது.

அம்மா எட்டு வாரம் படுத்திருந்தாள். இரண்டு வாய் ரசஞ்சாதம்.

நம் தேசத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கஷ்டம் கூட உண்டு. சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜில் ஆசிரியையாக இருந்த எலினார் மேசன் தென்னிந்தியப் பெண்களின் ஓய்வுச் செலவை அளந்து, பாஸ்டன் நகரத்து பெனடிக்டோடு சேர்ந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்க அளவுகளைவிட அது தெளிவாகக் குறைவாக இருந்தது. நம் ரத்தமே அப்படி என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பிறகு பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியர்களோடு ஒப்பிட்டு 1998-இல் எழுதினார்கள்: உடம்பின் பருமனையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் இனத்தால் வித்தியாசம் இல்லை. நமக்குச் செலவு குறைவு, ஏனென்றால் நமக்குத் தசை குறைவு. இங்கே பாங்கில் வேலை பார்த்து ரிடையரானவர்கள் பலர் இருக்கிறீர்கள். நம் வட்டி குறைவு என்பது பெருமையில்லை, முதல் குறைவு. வியாதி வந்தால் கைவைக்க வேண்டியது அந்த முதலில்தான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? வயதானவர் இருக்கும் அகத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் புனேயிலும் பரோடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீடியோவில் முகம்தான் தெரியும், தொடை தெரியாது. கஞ்சி கொடுப்பதானால் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வையுங்கள், நெய் விடுங்கள், தண்ணீருக்குப் பதில் பால் சேருங்கள். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 45 கிலோ மாமிக்கு 54 கிராமாவது. ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம், 30 கிராம் பருப்பில் ஏழு, நூறு கிராம் பன்னீரில் 18. நீர் மோரில் ஒன்றுமில்லை, அது தாகத்துக்கு. முட்டை சாப்பிடச் சொல்ல நான் வரவில்லை, நம் தளிகையிலேயே வழி இருக்கிறது. ஆனால் முனைந்து செய்தால்தான் கணக்கு எட்டும். விளம்பரத்தில் வரும் டப்பா பவுடரை வாங்கிவிட்டோம் என்ற திருப்தியில், இரண்டு ஸ்பூன் கரைத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் புரத அளவை அவர்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல நாள் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஐ.சி.யு.வில் இருப்பவருக்கு முதல் சில நாட்கள் முழு அளவு கொடுப்பதில் லாபமில்லை என்று இப்போது தெரிகிறது. அங்கே போய் நீங்கள் பருப்புக் கஞ்சிக்குச் சண்டை போட வேண்டாம்.

சென்ற வருஷம் மன்னிக்கு நிமோனியா. அண்ணா காலமாகிவிட்டார், மன்னி புனேயில் பிள்ளையோடு இருக்கிறாள், 82 வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் பேசினேன். எடை 40 கிலோ, முன்பு 44. நான் பட்டியல் சொல்லச் சொல்ல நாட்டுப்பெண் எழுதிக்கொண்டாள். மன்னி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா படுத்துண்டிருந்தப்போ வேற மாதிரின்னா சொன்னே?"

"தப்பாச் சொன்னேன் மன்னி."

கொஞ்ச நேரம் மன்னி பேசவில்லை. அப்புறம் நாட்டுப்பெண் பக்கம் திரும்பி, "அந்தப் பாலை எடுத்துண்டு வாம்மா, ஆறிடப்போறது" என்றாள். போன மாதம் எடை பார்த்தார்கள், 42 அரை.